காயலான் கடையும் கரண்ட் காரும்

நாளிதழ்களின் திருச்சிப் பதிப்பில் அவ்வப்போது ஒரு சிறு அறிவிப்பு வெளியாகும். மன்னார்புரம் துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, ஆகவே இன்ன தேதியில் காலை முதல் மின்சாரம் இராது என்று தொடங்கி, டி.வி.எஸ். டோல்கேட், காஜா நகர், ரேஸ்கோர்ஸ் சாலை, கல்லுக்குழி, சுப்பிரமணியபுரம் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதைக் கண்டதும் முதல் நாளே மாவரைத்து, தொட்டியை நிரப்பி, இஸ்திரிப் பெட்டியின் வேலையையும் முடித்துவைப்பது நம் வீட்டுப் பெண்மணிகளின் வழக்கம். இனி அந்த அறிவிப்பைக் கார் வைத்திருப்போரும் ஊன்றிப் படிக்க வேண்டியிருக்கும். அன்றைய பகலில் சில வண்டிகளும் நோன்பிருக்க நேரும்!

மின்சாரக் கார் பற்றி இன்று பேசாதவர் இல்லை. விலை என்ன, ஒரு முறை சார்ஜ் செய்தால் சென்னை வரை போகுமா, வழியில் நின்றுவிட்டால் யார் கதி என்றெல்லாம் கேட்கிறோம். அந்தக் கார் ஆடி ஓடி அடங்கிய பிறகு எங்கே போகும் என்ற ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. பிறர் கேட்காவிட்டாலும் நம் சமுதாயத்தார் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. ஏனெனில் வண்டியின் கடைசி வீடு பெரும்பாலும் நம்மவர் கடையாகவே இருந்து வருகிறது.

'காயலான் கடை' என்ற சொல்லே அதற்குச் சான்று. கப்பலில் வந்திறங்கிய பழைய பொருள்களை வாங்கி விற்ற காயல்பட்டினத்து வணிகர்களால் அப்பெயர் ஏற்பட்டது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சொல்லாராய்ச்சி வல்லுநர் ஒப்புவார்களோ என்னவோ, தமிழ்நாட்டில் பழைய இரும்புக்கும் நம் மக்களுக்கும் உள்ள தொடர்பை அப்பெயர் நன்றாகவே காட்டுகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு தெருவை நடந்து கடந்தால் போதும். ஒரு கடை முழுவதும் கதவுகள், அடுத்த கடை முழுவதும் ரேடியேட்டர்கள், அதற்கடுத்து விளக்குகள் என்று ஒரு காரையே தெருவில் நடந்து பார்த்துவிடலாம். சிறு அளவில் அத்தகைய கடைகள் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. படிப்பு ஏறாத பிள்ளையை, "மாமு கடையில் கொண்டுபோய் விடு, தொழிலாவது கற்கட்டும்" என்று அனுப்பிவைத்த குடும்பங்கள் எத்தனை! அப்படிப் போனவர்கள்தாம் பிறகு அக்காள் தங்கையரைக் கரையேற்றினார்கள், வீடு கட்டினார்கள், ஹஜ்ஜுக்கும் போய்வந்தார்கள். இழிவாகப் பேசத்தக்க தொழிலன்று இது. புதிதாகப் பூமியைத் தோண்டாமலே இரும்பையும் செம்பையும் மீண்டும் உலகுக்குக் கொடுக்கும் தொழில்.

மன்னார்புரம் பக்கம் நெடுங்காலமாக இந்த வணிகத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன்.

"அத்தா காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அம்பாசிடரும் வந்தன, தம்பி. என் காலத்தில் மாருதி. எதுவாக இருந்தாலும் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே குடும்பம்தான். இப்போது வருகிறதே, அதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை" என்றார்.

"பயமாக இருக்கிறதா, மாமு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? என் காலம் முடியப்போகிறது. பேரன் கடையில் உட்கார ஆசைப்படுகிறான். அவனை உட்கார வைக்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்கள்."

அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் அறிந்தவற்றையே இம்மாதம் எழுதுகிறேன்.

பழைய கார் ஒன்று கடைக்கு வந்தால் கடைக்காரருக்கு இரண்டு வகை வருமானம். முதலாவது, கழற்றி விற்கும் சாமான். எஞ்சின், கியர் பாக்ஸ், கார்புரேட்டர், செல்ஃப் மோட்டார், டைனமோ, டீசல் வண்டியாயின் பம்ப் என்று ஒவ்வொன்றும் இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கும். இரண்டாவது, எடை போட்டு விற்கும் உலோகம். காரின் எடையில் பெரும்பங்கு இரும்பும் எஃகும். எஞ்சின் 'பிளாக்' வார்ப்பிரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். சைலன்சரோடு இணைந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக உண்டு. 1995இல் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. அந்த நாளில் அதன் மதிப்பறியாமல் இரும்போடு இரும்பாகத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. அறிந்தவர்கள் கொழித்தார்கள். அறிவுக்கும் அறியாமைக்கும் இடையில் அத்தனை இலாபம்!

மின்சாரக் காரில் மேலே சொன்னவற்றுள் பல அறவே இல்லை. பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை, கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ இல்லை, சைலன்சர் இல்லை, செல்ஃப் மோட்டாரும் இல்லை. நாம் அறிந்த கியர் பாக்ஸுக்குப் பதில் பெரும்பாலும் ஒரே வேகப் பற்சக்கரப் பெட்டிதான். நூற்றுக்கணக்கான தேயும் பாகங்கள் போன இடத்தில் ஒரு மோட்டாரும் சில மின்னணுப் பெட்டிகளும் இருக்கின்றன. தேய்மானம் குறைந்தால் மாற்றுச் சாமான் வாங்க வருவோரும் குறைவர். எஞ்சின் சாமானையே நம்பிய கடைக்கு இது நேரடியான அடி என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் எல்லாம் போய்விடவில்லை. கதவு, கண்ணாடி, இருக்கை, சக்கரம், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங், விளக்கு ஆகியவை அப்படியே இருக்கின்றன. மோதிய வண்டிக்குக் கதவு தேடி வருபவர் அது பெட்ரோலா மின்சாரமா என்று பார்த்தா வருவார்? மேலும் செம்பு கூடியிருக்கிறது. சாதாரணப் பெட்ரோல் காரில் ஏறக்குறைய 23 கிலோ செம்பு என்றால், முழு மின்சாரக் காரில் 83 கிலோ அளவுக்கு இருக்கும் என்று செம்புத் தொழில்துறையினர் கணக்கிடுகிறார்கள். மோட்டார்கள் பலவற்றில் நியோடிமியம் போன்ற அரிய உலோகம் கலந்த வலிமையான காந்தங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியின் அடிவயிற்றில் தட்டையாகப் படுத்திருக்கிறது பேட்டரி. வண்டி விலையில் பெரும்பங்கு அதுவே. அதன் இறப்புக்குப் பிந்திய மதிப்பும் அதிலேயே, ஆபத்தும் அதிலேயே.

இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மின்சாரக் கார் என்பது நமக்கு முற்றிலும் புதிதன்று. 1993இல் கேரளத்துச் சாலக்குடி நிறுவனமொன்று 'லவ்பேர்டு' என்ற சிறு காரைக் காட்டியது. 2001இல் பெங்களூரின் 'ரேவா' விற்பனைக்கு வந்து லண்டன் வரை போயிற்று. ரேவா ஓடியது ஈய பேட்டரியில். ஈய பேட்டரி நம் கடைக்குப் பழைய உறவு. உடைத்தால் ஈயம், கவிழ்த்தால் அமிலம் என்று எல்லாருக்கும் தெரியும். (அந்த அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றியதும், ஈயத்தைக் கொல்லைப்புறத்தில் உருக்கியதும் நியாயமான செயல்களல்ல. ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். 2001ஆம் ஆண்டிலேயே பழைய பேட்டரிகளுக்கென மத்திய அரசு விதி வகுத்ததும் இவற்றை ஒழுங்குபடுத்தத்தான்.)

இப்போது வருவது லித்தியம் பேட்டரி. 2020 ஜனவரியில் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேட்டரி கொள்ளும் மின்சாரம் 30.2 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016இல் இரு மாதங்களுக்கென இலவசமாக்கப்பட்ட 100 யூனிட்டில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அத்தனையையும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரே பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். வண்டியின் சாவியைப் பிடுங்கிவிட்டால் அந்தச் சக்தி போய்விடாது. ஆரஞ்சு நிற உறையிட்ட தடித்த வயர்களைக் காணும் இடமெல்லாம் உயிருக்கு ஆபத்து என்று பொருள். உளியும் சுத்தியலும் கேஸ் கட்டரும் கொண்டு இதைத் திறக்க முற்படுபவர் மின்னதிர்ச்சியாலோ தீயாலோ மாளக்கூடும். உள்ளிருக்கும் ஒரு செல் நசுங்கிச் சூடேறினால் பக்கத்துச் செல்லும், அதையடுத்து அதன் பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். புகையில் நச்சு வாயு உண்டு. அணைத்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போன பிறகு, சில மணி நேரமோ சில நாள்களோ கழித்து மீண்டும் எரிந்ததும் உண்டு. அதனால்தான் அடிபட்ட மின்சாரக் காரைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் ஐம்பது அடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்தச் சொல்கிறார்கள். நம் கடைகளில் ஐந்தடி இடைவெளியேனும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் திறப்பதன் விபரீதத்தைப் பழைய இரும்புத் தொழில் ஒருமுறை கண்டிருக்கிறது. டில்லி மாயாபுரியும் புதுப்பேட்டை போன்றதோர் உடைப்புச் சந்தை. டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த கருவி ஒன்று ஏலத்தில் விற்கப்பட்டு, 2010இல் அங்கு வந்து சேர்ந்தது. அதனுள் கோபால்ட்-60 என்னும் கதிர்வீச்சுப் பொருள் இருந்ததை வாங்கியவர்கள் அறியவில்லை. வழக்கம்போல் பிரித்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். மேலும் பலர் கதிர்வீச்சால் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தனர். அந்தத் தவற்றின் பொறுப்பு விற்றவரைச் சார்ந்தது. துன்பம் மட்டும் பிரித்தவரைச் சேர்ந்தது. லித்தியம் பேட்டரியில் கதிர்வீச்சு ஏதுமில்லை. ஆயினும் மூடிய பெட்டியை எடை பார்த்து வாங்கும் பழக்கம் இங்கும் அங்கும் ஒன்றே.

மூடிய பெட்டி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தண்ணீரில் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்கலாகாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் 'கரர்' பற்றிச் சொல்வதை மதரஸாவில் படித்திருப்பீர்கள். இன்னதென்று அறியாத பொருளைப் பேரம் பேசுவதில் உள்ள தீங்கே அதன் கருத்து. பழைய லித்தியம் பேட்டரி அதற்கு இக்காலத்து உதாரணமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே கோபால்ட்டும் நிக்கலும் உள்ள வகை உண்டு. அதை மறுசுழற்சியாளர் நல்ல விலை கொடுத்து எடுப்பார். இரும்பு பாஸ்பேட் வகையும் உண்டு. அதில் அவ்விரண்டும் கிடையா, ஆகவே உலோக மதிப்பு குறைவு. நெக்ஸான் பேட்டரி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் காருக்கு உதவாமல் போன பேட்டரியிலும் எழுபது, எண்பது சதவீதம் சக்தி மிஞ்சியிருக்கலாம். அதைச் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கப் பயன்படுத்தலாம். இவற்றையெல்லாம் தராசு சொல்லாது, சோதனைக் கருவிதான் சொல்லும். அக்கருவியைப் படிக்கத் தெரிந்தவனே நாளைய காயலான் கடை முதலாளி. 1995இன் கன்வெர்ட்டர் கதை மறுபடியும் நடக்கப் போகிறது.

இனி காலக் கணக்கு. 2024இல் இந்தியாவில் விற்ற நூறு புதிய கார்களில் மின்சாரக் கார்கள் இரண்டு மூன்றே. காருக்குப் பதிவு 15 ஆண்டுகள். பதினைந்தானதும் உடைத்தே தீரவேண்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படியில்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கினார்கள். ஆக, 2025இல் வாங்கிய பெட்ரோல் கார் 2040க்குப் பிறகே கடைக்கு வரும். பேரன் தலைநரைக்கும் வரை பழைய எஞ்சின்கள் வந்துகொண்டுதான் இருக்கும். மறுபுறம், முதல் நெக்ஸான்களின் பேட்டரிக்கு நிறுவனம் கொடுத்த உத்தரவாதம் 8 ஆண்டு. அது 2028இல் முடிகிறது. வெள்ளம் இன்னும் வரவில்லை. ஆனால் முதல் துளிகள் விழும் நாள் தொலைவில் இல்லை.

உண்மையில் கரண்ட் காருக்கு முன்பே சட்டம் கடை வாசலுக்கு வந்துவிட்டது. இதைத்தான் பெரியவரிடம் அழுத்திச் சொன்னேன். 2021 ஆகஸ்ட்டில் வாகன உடைப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டு, செப்டம்பரில் விதிகள் வெளியாயின. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைப்பவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புதிய வண்டிக்குச் சாலை வரியில் சலுகை கோர அவ்விதிகள் வழி செய்தன. நிலையத்தார் அது திருட்டு வண்டியா என்று குற்ற ஆவணப் பதிவில் சரிபார்க்க வேண்டும், சேசிஸ் எண் உள்ள துண்டை வெட்டி ஆறு மாதம் பத்திரப்படுத்த வேண்டும். 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற நிலையத்துக்கே போகவேண்டும். அரசு ஜீப் ஏலமும் பஸ் ஏலமும் எடுத்துப் பிழைத்தவர்களுக்கு இதன் வலி தெரியும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி, ஆயுள் முடிந்த வண்டியிலிருந்து எஃகை மீட்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே சுமத்துகிறது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், மாருதியும் டொயோட்டா குழுமத்தாரும் நொய்டாவில் ஆண்டுக்கு 24,000 வண்டிகளை உடைக்கவல்ல நிலையம் திறந்துவிட்டார்கள். நாம் ஒரு வண்டியைச் சாய்த்து எண்ணெய் வடிப்பதற்குள் அங்கே பல வண்டிகள் முடிந்துவிடும்.

திருட்டு வண்டி பற்றியும் மனம் விட்டுப் பேசிவிடுவோம். மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதாகப் பெயர் பெற்று, 2021 டிசம்பரில் காவல்துறை நடவடிக்கையால் அடைபட்டது. அங்கு நேர்மையாக வணிகம் செய்தவர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். "ஆர்.சி. புத்தகம் பிறகு தருகிறேன்" என்று சொல்பவனின் வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் ஒரு கடை, தெரு முழுவதன் பெயரையும் கெடுத்துவிடும். காகிதமில்லாத சரக்கின் காலம் முடிந்தது. 2024 அக்டோபர் முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினாலும், வாங்கும் பதிவுபெற்ற வணிகரே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியிருக்கிறது.

இவற்றைக் கேட்ட பெரியவர், "அப்படியானால் பெரிய கம்பெனிக்காரன்தான் இனிமேல் காயலான்" என்றார். அப்படி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தைத் தனியாளோ, கூட்டு நிறுவனமோ, சங்கமோ, டிரஸ்டோ நடத்தலாம் என்று விதியே சொல்கிறது. விண்ணப்பக் கட்டணம் ஒரு லட்சம், வங்கி உத்தரவாதம் பத்து லட்சம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் போதிய இடமும் கருவிகளும் வேறு வேண்டும். ஒரு கடைக்காரரால் ஆகாது. பத்துக் கடைக்காரர் கூடினால் ஆகும். கூட்டு வணிகத்துக்கு முளாரபா, முஷாரகா என்று பெயரும் சட்டமும் வகுத்து வைத்திருக்கும் சமுதாயம், ஒரே தெருவில் ஒருவர் வாடிக்கையை ஒருவர் இழுத்துக்கொண்டு காலம் கழிப்பதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

எந்திரம் மாறியபோது தொழிலாளி என்ன ஆனான் என்பதைக் காண மன்னார்புரத்துக்கு அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் இறுதியில் பெயர்ந்து வந்த ரயில்வே பணிமனைதான் பொன்மலை. அது வளர்ந்தது நீராவி எஞ்சினை நம்பி. தொண்ணூறுகளில் நீராவி ஓய்ந்தபோது பணிமனையும் ஓய்ந்துவிடும் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் அது டீசல் எஞ்சினுக்குக் கை மாறியது. அதோடு பழைய வித்தையையும் கைவிடவில்லை. 2011இல் நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சினையே அங்கே கட்டினார்கள். அரசுப் பணிமனைக்குப் பயிற்சி தர அரசு இருந்தது. காயலான் கடைப் பையனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐ.டி.ஐ.களில் மின்சார வாகன மெக்கானிக் என்றே ஈராண்டுப் பாடப்பிரிவு இப்போது உண்டு. 2023இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பித்தபோது சேர்த்த பயிற்சிகளில் இதுவும் ஒன்று. நம்மூர்ப் பக்கம் திருவெறும்பூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இந்தப் பிரிவு எந்தெந்த நிலையத்தில் உள்ளதென்று அங்கே விசாரித்தால் சொல்வார்கள்.

பெரியவரின் கேள்விக்கு நான் கொடுத்த விடை இதுவே: பேரனைக் கடையில் உட்கார வையுங்கள், ஆனால் இரண்டாண்டு கழித்து. முதலில் ஐ.டி.ஐ., பிறகு கடை. "அதுவரை கடையை யார் பார்ப்பது?" என்றார். உங்கள் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மாமு என்றேன்.

காரில்லாத வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. கார் பேட்டரி கடைக்கு வருமுன் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி நம் வீட்டு வாசலிலேயே கெட்டுப்போகும். கழற்றி எடுக்கும் வகையாயின் அதைப் படுக்கையறையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, வெளியேறும் கதவருகிலோ வைத்து இரவெல்லாம் சார்ஜ் செய்யாதீர்கள். உப்பியிருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, நெடி வீசினாலோ சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்தி, வண்டி வாங்கிய கடைக்குத் தகவல் சொல்லுங்கள். தெருவில் வரும் பழைய சாமான் வண்டிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதைச் சுத்தியலால் பிளக்கப் போவது யார் வீட்டுப் பிள்ளையோ! 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே வைத்து ஒப்படைப்பது நம்முடையது. விற்ற கடைக்காரர் வாங்க மறுத்தால் நிறுவனத்துக்கே எழுதுங்கள். ஒப்படைக்கும்போது ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.